பாஸ் வாங்கினால் உட்கார இடம் கிடைக்குமா?

மலைப்பாதைக் கணக்குகள் – 7

சீசன் டிக்கட் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்த சிலர் வேறொரு கேள்வியோடு வந்தார்கள். மகளோ தம்பியோ சூரிச்சில் இருக்கிறார். விசா கிடைத்துவிட்டது. ஒரு மாதம் போய்த் தங்கி, அப்படியே பாரிஸிலும் ஜெர்மனியிலும் உள்ள சொந்தங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். யூரெயில் பாஸ் வாங்கினால் லாபமா? பதுளையிலும் பண்டாரவளையிலும் இப்படிக் கேட்கும் வீடுகள் இருப்பதே எனக்குச் சந்தோஷம். பதிலை நம்முடைய மலைப்பாதையிலிருந்தே தொடங்குகிறேன். பாஸின் சூட்சுமம் முழுக்க இங்கேயே இருக்கிறது.

ஒஹியவிலிருந்தோ இதல்கஸ்ஹின்னவிலிருந்தோ அப்புத்தளைக்குப் படிக்க வரும் பிள்ளையின் சீசனை வாங்கிப் பாருங்கள். இந்த ஸ்டேஷனிலிருந்து அந்த ஸ்டேஷன் வரை, இன்ன வகுப்பு, இன்ன தேதி வரை. அந்தத் தேதிக்குள் எத்தனை தடவை ஏறினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் முன்பதிவுப் பெட்டியில் அது செல்லாது. மற்றப் பெட்டியிலும் உட்கார இடம் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மாதத்தில் எத்தனை நாள் போகிறோம் என்று பார்த்துத்தான் சீசன் எடுக்க வேண்டும். அதற்கும் முந்திய விஷயம், அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை கோச்சி ஓடுகிறது என்பது. காலைக் கோச்சியை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டிய இடத்தில், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்ற உரிமைக்குப் பெரிய மதிப்பில்லை. பாதை முழுதாக ஓடும் காலத்தைத்தான் சொல்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைப்பாதையைப் பல இடங்களில் அறுத்துப் போட்டது எல்லோருக்கும் தெரியும்.

சுவிற்சர்லாந்தில் நிலைமை நேர்மாறு. 1982 முதல் அங்கே ஒரு பாதையில் மணிக்கு ஒரு ரயிலாவது, மணிதோறும் அதே நிமிடத்தில் புறப்படும்படி அட்டவணை போட்டிருக்கிறார்கள். இன்று பல பாதைகளில் அரை மணிக்கு ஒன்று. அட்டவணையைப் பார்க்காமலே வீட்டைவிட்டுக் கிளம்பலாம். பாஸ் என்ற பொருளுக்கு உயிர் வருவது அப்படிப்பட்ட ஊரில்தான்.

இப்போது யூரெயிலுக்கு வருவோம். 1959இல், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்காகத் தொடங்கிய பாஸ் அது. இன்டர்ரெயில் 1972இல் வந்தது. அது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. இரண்டின் குளோபல் பாஸும் இன்று 33 நாடுகளில் செல்லும். எதை வாங்கலாம் என்பதைக் கடவுச்சீட்டின் நிறம் தீர்மானிப்பதில்லை, வசிக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. சூரிச்சில் வதிவிட அனுமதியோடு இருக்கும் தம்பி இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருந்தாலும் அவருக்கு இன்டர்ரெயில். பண்டாரவளையிலிருந்து போகும் அக்காவுக்கு யூரெயில். இருவரும் சேர்ந்து பயணம் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். இன்டர்ரெயிலில் வசிக்கும் நாட்டைவிட்டு வெளியேறிப் போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவே. சுவிஸுக்குள் அக்காவைச் சுற்றிக் காட்ட அந்தப் பாஸ் தம்பிக்கு உதவாது.

பாஸில் இரண்டு வகை. ஒன்று 15 நாள், 22 நாள், ஒரு மாதம் என்று தொடர்ச்சியாக ஓடுவது. மற்றது ஒரு மாதத்துக்குள் நமக்கு வேண்டிய 4, 5 அல்லது 7 நாட்களைப் பொறுக்கி எடுப்பது. 10, 15 நாள் வேண்டுமென்றால் இரண்டு மாத அவகாசம். சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போகிறவர்கள் தொடர்ச்சியான பாஸ் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஒரு வீட்டுக்குப் போனால் நான்கு நாளாவது விடமாட்டார்கள். அந்த நான்கு நாளும் பாஸ் பையில் கிடந்து தேயும்.

ஒரு சுற்றை எடுத்துப் பார்ப்போம். சூரிச்சிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து ஜெர்மனியின் ஹம் நகரம், அங்கிருந்து மறுபடி சூரிச். ஹம்மில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழர்கள் வருவார்கள். அதை ஒட்டிப் பயணம் வைப்பவர்கள் பலர். மூன்று நீண்ட பயணங்கள், அதாவது மூன்று பாஸ் நாட்கள். யூரெயிலில் ஆகக் குறைந்தது 4 நாள். மிஞ்சும் ஒரு நாளில் மிலானோ வியன்னாவோ போகலாம் என்றால் கணக்குச் சரி, போக ஆளில்லையென்றால் அந்த நாளின் காசு வீண்.

இங்கேதான் உட்காரும் இடம் குறுக்கே வருகிறது. சூரிச்–பாரிஸ் டீஜீவீ ரயிலில் பாஸ் இருந்தாலும் முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம். பாரிஸ்–கொலோன் யூரோஸ்டாரிலும் அப்படியே. யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். அவை முடிந்துவிட்டால் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் பாஸைக் காட்டி ஏற முடியாது. இத்தாலியின் அதிவேக ரயில்களும் ஸ்பெயினும் இதே கதை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் நாடுகளுக்குள் ஓடும் பெரும்பாலான ரயில்களில் இந்தத் தொல்லை கிடையாது, ஏறி உட்காரலாம். நம் சுற்றில் மூன்றில் இரண்டு பயணங்களுக்கு மேல்காசு. பாஸின் விலையோடு அதையும் கூட்டிய பிறகே, இரண்டு மூன்று மாதம் முன்னதாக வாங்கும் சாதாரண டிக்கட்டோடு ஒப்பிட வேண்டும். தேதி மாறாது என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தச் சுற்றுக்கு முன்கூட்டி வாங்கும் டிக்கட்டுகளே மலிவாக முடியும் என்று நினைக்கிறேன். தேதி மாறலாம், நாலைந்து நாடு போகவேண்டும் என்றால் பாஸ். 4 முதல் 11 வயதுப் பிள்ளைகள் பெரியவரோடு பாஸில் இலவசமாகப் போகலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்; அவர்களுக்கும் இலவசப் பாஸ் ஒன்றைக் கேட்டு வாங்கியே ஆகவேண்டும்.

ஜெர்மனியிலேயே பல நாள் தங்குகிறவர்களுக்கு டொய்ச்லாந்து டிக்கட் போதும். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2025இல் 58 ஆகி, 2026இல் 63 ஆகியிருக்கிறது. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ரயிலில் செல்லாது. மாதச் சந்தா என்பதால் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதமும் காசு போய்விடும். சுவிஸில் தங்குபவர்கள் பாதிக் கட்டண அட்டையை விசாரிக்கலாம். லண்டனுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: பாஸ் பிரித்தானியாவிலும் செல்லும், ஆனால் ஷெங்கன் விசா அங்கே செல்லாது.

பாஸ் இப்போது கைப்பேசிக்குள் இருக்கிறது. ரயில் ஏறுமுன் அன்றைய பயணத்தைச் செயலியில் சேர்த்து, அந்த நாளைத் திறந்துவைக்க வேண்டும். பரிசோதகர் கியூஆர் குறியைப் பார்ப்பார். ஏறிய பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால் அபராதம் வரலாம். வயதான அம்மாவை அனுப்புகிறவர்கள் இதை வீட்டிலேயே இரண்டு தடவை செய்து காட்டிவிடுங்கள்.

காசு கொடுத்தால் பயணம் உண்டு, இடத்துக்கு வேறாகக் கேட்க வேண்டும். இந்த ஏற்பாடு நம் பாதையில் இன்னும் கடுமையாக இருக்கிறது. எல்லவுக்குப் போகும் ரயிலின் டிக்கட்டுகள் 42 விநாடிகளில் விற்றுத் தீர்ந்ததாக 2025 ஜனவரியில் அரசாங்கமே சொன்னது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. கண்டியை 1867இல் தொட்ட பாதை பதுளைக்கு வந்து சேர 1924 ஆனது. கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை இது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்துவிட்டு, தீபாவளிக்கு நைட்மெயிலில் கோட்டையிலிருந்து நின்றபடி வருகிறார்கள். கதவடியில் பையைப் போட்டு அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, நானுஓயாவில் குளிர் ஏறும்போது சால்வையால் சுற்றிவிடுகிற தாயைப் பார்க்காதவர் இந்தப் பாதையில் யார்? சுற்றுலாப் பயணிகள் வரட்டும், அவர்களால் எல்லவுக்கும் பதுளைக்கும் பிழைப்பு உண்டு. ஆனால் முன்பதிவுப் பெட்டியைக் கூட்டும்போது மூன்றாம் வகுப்புச் சாதாரணப் பெட்டியைக் குறைக்கக்கூடாது. தீபாவளி, பொங்கல் வாரங்களில் ஒரு பங்கு இருக்கைகளை இணையத்தில் விடாமல், அடையாள அட்டையோடு ஸ்டேஷன் கவுண்டருக்கு வருபவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு இடம் ஒதுக்கி வைக்க முடிகிறதென்றால், பதுளை ரயிலில் ஊவா மக்களுக்கு ஒதுக்கவும் முடியும்.

அடுத்த வாரம், ரயில்வே வாரண்ட்: யாருக்கு உண்டு, எத்தனை, அதை வைத்துக்கொண்டு எப்படி இடம் பிடிப்பது.

(தொடரும்)