கப்பியும் பளுவும்

கிணற்றில் நீர் இறைப்பவரும், கட்டடத்தின் மேல்தளத்திற்கு மூட்டை ஏற்றுபவரும் கையாளும் எளிய எந்திரம் கப்பி. தூக்கப்படும் பொருளின் எடையைப் பளு என்றும், அதனைத் தூக்க நாம் செலுத்தும் விசையை முயற்சி என்றும் கூறுவர். பளுவை முயற்சியால் வகுத்தால் கிடைப்பது எந்திர இலாபம். விசையை நியூட்டன் என்னும் அலகால் குறிப்பதே அறிவியல் முறை. எனினும் மூட்டை தூக்குபவர் கிலோகிராமில்தான் எண்ணுகிறார். நாமும் இங்கு அவ்வாறே எண்ணுவோம்.

நம் நாட்டில் ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோகிராம். மூங்கில் சாரத்தின் குறுக்குக் கட்டையில் கட்டிய ஒற்றைக் கப்பியின் வழியே இதனைத் தூக்கினால், உராய்வை நீக்கிப் பார்க்கும்போது, முயற்சியும் 50 கிலோகிராமே. எந்திர இலாபம் 1. அப்படியாயின் பயன் யாது? கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கலாம். உடலின் எடையும் கைக்குத் துணைநிற்கும். (50 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுள்ளவர் கயிற்றில் தொங்கினாலும் மூட்டை எழாது!)

கட்டையைத் தேர்ந்தெடுப்பதில்தான் தவறு நேர்கிறது. கட்டை தாங்குவது 50 கிலோகிராம் அன்று. கப்பியின் ஒருபுறம் மூட்டை 50 கிலோகிராம் விசையுடன் கீழே இழுக்கிறது. மறுபுறம் தொழிலாளியும் அதே அளவு கீழே இழுக்கிறார். ஆகவே, கப்பியின் எடை நீங்கலாகவே, கட்டையின்மேல் விழுவது 100 கிலோகிராம். மூட்டையின் எடையை மட்டும் கருதி மெல்லிய மூங்கிலைக் கட்டினால் அது முறியக்கூடும். கீழே நிற்பவரின் உயிருக்கே இடர் நேரும்.

இனி, கயிற்றின் ஒரு முனையைக் கட்டையில் கட்டுவோம். மூட்டையுடன் சேர்ந்து நகரும் மற்றொரு கப்பியைச் சுற்றி அதனை மேலேற்றி, முதற்கப்பியின் வழியே கீழே விடுவோம். இப்பொழுது பளுவை இரு கயிற்றுப் பகுதிகள் பகிர்ந்து தாங்குகின்றன. நகரும் கப்பியின் எடை 2 கிலோகிராம் எனின், மொத்தம் 52, முயற்சி 26. கட்டையை இழுக்கும் கயிற்றுப் பகுதிகள் மூன்று. ஆதலால் அதன் சுமையும் 78 ஆகக் குறைகிறது. ஆனால் மூட்டை 3 மீட்டர் உயர, 6 மீட்டர் கயிற்றை இழுத்தாக வேண்டும்.

அச்சு துருப்பிடித்த கப்பியில் 26 போதாது. 40 தேவைப்பட்டது எனக் கொள்வோம். எந்திர இலாபம் 50 ÷ 40 = 1.25. கயிறு நகரும் தொலைவு, மூட்டை உயரும் தொலைவைப்போல் 2 மடங்கு. 1.25 ÷ 2 = 0.625. அதாவது, செய்த வேலையில் 62.5 விழுக்காடே மூட்டையை உயர்த்தியது. எஞ்சியதை உராய்வும் நகரும் கப்பியின் எடையும் எடுத்துக்கொண்டன. அச்சில் எண்ணெய் இட்டபின் முயற்சி 32 ஆகக் குறைந்தால், இவ்விழுக்காடு எவ்வளவாகும்? குறிப்பேட்டில் கணக்கிடுக.