கிணற்று நீரைச் சோதிக்கும் உயிருணரிகள்

கிணற்று நீர் தெளிவாயும் வாய்க்கு இனிதாயும் இருந்தால் அது குடிப்பதற்கு உகந்ததென்று குடியானவர்களில் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உப்பும் கலங்கலும் நாவுக்கும் கண்ணுக்கும் புலப்படுவது உண்மையே. ஆனால் நோய்க் கிருமிகளும், வயலிலிருந்து கீழிறங்கும் நைட்ரேட் உப்பும், பூச்சிமருந்தின் நஞ்சும் சொற்ப அளவில் கலந்திருக்கையில் நீரின் நிறமும் மணமும் சுவையும் மாறுவதில்லை. இவற்றை அறிய முன்பெல்லாம் நீரைப் புட்டியிலடைத்து நகரத்துப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பி, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சோதனைகளுட் சிலவற்றை இப்பொழுது கிணற்றடியிலேயே செய்துகொள்ளலாம். அதற்கு உதவுவன உயிருணரி எனப்படும் சாதனங்களும், அவற்றை ஒத்த எளிய சோதனைப் புட்டிகளுமாகும்.

திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரித் தாலூகாவுக்கு இவ்விஷயம் மிகவும் முக்கியமானது. இப்பகுதிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் கிடைக்கிறது. குளங்கள் நிரம்பினால் நெல்லும் வாழையும் உண்டு. குளம் வற்றிய பின் கிணறுதான் கதி. தாமிரபரணி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் மூலம் குழாய் வழியே ஊர்களுக்கு வந்துள்ளபோதிலும், தோட்டங்களில் குடியிருப்போரும், களையெடுக்கவும் அறுவடைக்கும் வரும் வேலையாட்களும் தாகத்துக்குத் தோட்டக் கிணற்றையே நாடுகின்றனர். அக்கிணற்றுக்கு அருகிலேயே மாட்டுத் தொழுவமும் எருக்குழியும் அமைந்துள்ளன. யூரியா இடும் வாழையும் அங்கேதான் நிற்கிறது. ஆகையால் கிணற்றைச் சோதித்தறிவது நிலச்சொந்தக்காரரின் கடமைகளுள் ஒன்றாகும்.

உயிருணரியின் அமைப்பு

உயிருணரிக்கு இரண்டு அங்கங்கள் உண்டு. ஒன்று, தேடும் பொருளை மாத்திரம் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் உயிர்ப்பொருள். அது ஒரு நொதியாகவோ, நுண்ணுயிராகவோ இருக்கலாம். மற்றொன்று, அவ்வுயிர்ப்பொருளில் நிகழும் மாறுதலை மின்சாரமாகவோ நிறமாகவோ ஒளியாகவோ வெளிக்காட்டும் கருவி. நீரிழிவு நோயாளிகள் விரல் நுனி இரத்தத்தைத் தொட்டுப் பார்க்கும் சிறு பட்டையைக் கிராமங்களிலும் பலர் அறிவர். அதில் தடவப்பட்டுள்ள நொதி இரத்தத்திலுள்ள குளுக்கோஸை மாத்திரம் தாக்குகிறது. அப்பொழுது உண்டாகும் மின்னோட்டத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. இவ்வகைக் கருவிக்கு மூலமான கருத்தை 1962-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான கிளார்க், லயன்ஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். இரத்தத்துக்குப் பயன்பட்ட அதே தத்துவம் நீருக்கும் காய்கறிக்கும் பயன்பட்டு வருகிறது.

கழிவுக் கலப்பைக் காட்டும் புட்டி

கிணற்றில் மனித மலமோ கால்நடைக் கழிவோ கலந்தால் வாந்திபேதி, விஷக் காய்ச்சல், சீதபேதி முதலியன பரவக்கூடும். இக்கலப்பை அறிய எளிய முறையொன்றைக் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாஞ்சா என்பவரும் அவருடைய சகாக்களும் 1982-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். இதில் மின்கருவி எதுவுமில்லை. கிருமியே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. குடலில் வாழும் கிருமிகளோடு கூடவே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் கழிவில் உள்ளன. புட்டியினுள் அவற்றுக்கு உணவும், கந்தகம் தரும் தயோசல்பேட்டும், இரும்பு உப்பும் தோய்த்த காகிதம் இருக்கும். அதில் 20 மில்லி லிட்டர் நீரை ஊற்றி வைத்தால், பாக்டீரியா பெருகி வாயுவை வெளியிடும். அது இரும்போடு கூடிக் கறுப்பாகும். 30 முதல் 37 டிகிரி வெப்பத்தில் 12 முதல் 18 மணி நேரத்தில் முடிவு தெரியுமென்று அவர்கள் கண்டனர். நாங்குநேரியின் வெப்பத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் இதற்குத் தனி அடுப்போ பெட்டியோ தேவையில்லை. விற்பனையாகும் புட்டிகளில் அளவும் காலமும் சிறிது வேறுபடுமாதலால், புட்டியின் மேல் அச்சிட்டுள்ளவாறே செய்தல் வேண்டும்.

நீர் கறுத்தால் கிணற்றுக்குச் சலவைத்தூள் இடவேண்டும். வட்டக் கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீரின் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் நீரின் அளவு லிட்டரில் கிடைக்கும். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 28,260 லிட்டர் நீருண்டு. ஆயிரம் லிட்டருக்கு 2½ கிராம் வீதம் நல்ல சலவைத்தூள் சுமார் 71 கிராம் வேண்டும். அதை வாளி நீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின், தெளிவை மாத்திரம் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்கலாம். கலங்கல் நீருக்கு இவ்வளவு போதாது. குளோரின் மிச்சத்தைச் சோதித்துக் கூட்டுதல் வேண்டும். தொழுவமும் எருக்குழியும் கக்கூஸும் கிணற்றுக்கு 15 மீட்டருக்குள் இருக்குமாயின், சலவைத்தூளின் பயன் சில நாட்களே நிற்கும்.

நைட்ரேட்டும் கைக்குழந்தையும்

யூரியாவிலும் எருவிலுமுள்ள தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது பாசன நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாதென்பது இந்தியத் தர நிர்ணயம். அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததை 1945-இல் காம்லி என்னும் வைத்தியர் முதன்முதலாக எடுத்துரைத்தார். நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட்டாகி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே அபாயம் மிகுதி. இத்தகைய நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை. நீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் செறிவு கூடவே செய்யும். தாய்ப்பாலே குழந்தைக்குப் பாதுகாப்பு. பால்மாவு கொடுக்க நேர்ந்தால் சோதித்த வேறு நீரில்தான் கரைக்க வேண்டும்.

பயிர்கள் நைட்ரேட்டைத் தம் உடலில் சேர்க்க உதவும் நொதியையே இதன் சோதனைக்கும் உபயோகிக்கின்றனர். மக்காச்சோளத்தின் இலையிலிருந்து பிரித்தெடுத்த அந்நொதி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகிறது. பின்பு ஒரு சாயத்தைச் சேர்த்தால் நீர் இளஞ்சிவப்பாகும். நிறம் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறதோ நைட்ரேட்டும் அவ்வளவு அதிகம். பழைய முறையில் இவ்வேலைக்குக் காட்மியம் என்னும் நச்சு உலோகம் வேண்டியிருந்தது.

இச்சோதனையால் வரவும் உண்டு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்சுவது ஏறக்குறைய 1,03,000 லிட்டராகும். அந்நீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் இருக்குமானால், ஒவ்வொரு அங்குலப் பாய்ச்சலிலும் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தழைச்சத்து, அதாவது 2¼ கிலோ யூரியாவுக்குச் சமமானது, வயலுக்குப் போகிறது. பணங்கொடுத்து வாங்கிய உரம் கிணற்றில் கிடப்பதை அறிந்தவர் அடுத்த தவணை யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம். அதனால் செலவு மிஞ்சுவதோடு கிணறும் மேலும் கெடாது.

பூச்சிமருந்தின் நஞ்சு

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் பூச்சியின் நரம்பிலுள்ள கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்கி அதைக் கொல்கின்றன. மனிதன் நரம்பிலும் அதே நொதிதான் உள்ளது. ஆகையால் அந்நொதியைக் கொண்டே அந்நஞ்சைக் கண்டுபிடிக்கலாம். நொதி நலமாயிருந்தால் சோதனையில் நிறம் தோன்றும். நஞ்சு இருந்தால் நிறம் மங்கும் அல்லது தோன்றாது. தைவான் தேசத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் ஈயிலிருந்து எடுத்த இந்நொதியைக் கொண்டு காய்கறிகளை விரைவில் சோதிக்கும் முறையை 1985-இல் ஏற்படுத்தினர். ஆனால் இது மேற்சொன்ன இருவகை மருந்துகளை மாத்திரமே காட்டும். பைரித்ராய்டு முதலிய ஏனைய மருந்துகள் இதற்கு அகப்படா.

மருந்தடிக்கும் ஆளின் இரத்தத்திலும் இந்நொதியை அளக்கலாம். கலிபோர்னியா மாகாணத்தில் இவ்வகை மருந்துகளை அடிக்கடி கையாளும் தொழிலாளருக்கு இச்சோதனை 1974 முதல் சட்டப்படி கட்டாயமாக உள்ளது. பருவம் தொடங்குமுன் ஒரு முறை அளந்து, பின்பு ஒப்பிட்டுப் பார்த்து, அளவு மிகக் குறைந்தவரை அவ்வேலையிலிருந்து விலக்கிவைக்கின்றனர். மருந்தடித்தவனுக்கு வாயில் நீரூறல், மிகுந்த வியர்வை, கண்மணி சுருங்குதல், வாந்தி, தசைத்துடிப்பு ஆகியவை கண்டால், சோதனைக்குக் காத்திராமல் மருந்துப் பெட்டியுடன் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

அண்மைக்கால முன்னேற்றங்கள்

தோலின் கீழ் செருகி, பத்து நாட்களுக்கு மேல் இடைவிடாது சர்க்கரையின் அளவைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் உயிருணரிகள் வழக்கத்துக்கு வந்துள்ளன. கடலில் வாழும் ஒளிவிடும் பாக்டீரியாவை ஆலைக் கழிவு நீரில் இட்டு, அதன் ஒளி மங்குவதைக் கொண்டு நச்சுத்தன்மையை மதிப்பிடுகின்றனர். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட முறையில், உயிரணுவின் உட்பொருள்களை உலர்த்திச் சிறு குழாயில் அடைத்துள்ளனர். அதில் நீரைச் சேர்த்தால், தேடிய மாசு இருக்குமாயின் பச்சை ஒளி வீசுகிறது.

கவனிக்க வேண்டியவை

நொதி ஓர் உயிர்ப்பொருள். வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியிலோ தகரக் கூரையின் கீழோ வைத்த பட்டைகளை நம்பலாகாது. காலாவதித் தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும். கழிவுப் புட்டி கறுக்காமலிருப்பதால் மாத்திரம் நீர் முற்றிலும் சுத்தமென்று சொல்லிவிட முடியாது. வைரஸ் முதலியவை இருக்கக்கூடும். கந்தக நாற்றமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர், கழிவில்லாமலே கறுப்பதுமுண்டு. ஐயம் எழுமிடத்து நீரைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்புவதே முறை. கறுத்த புட்டியில் கிருமிகள் பெருகியிருப்பதால், சலவைத்தூள் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் வைத்தபின் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி புதைத்துவிட வேண்டும்.

கிராமத்தார் செய்யத் தக்கது

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ச்சோதனைப் பயிற்சி அளிக்க வழிவகுக்கப்பட்டது. பயிற்சி பெற்றோர் ஊரில் இருப்பின், அவர்களுடைய சோதனை பொதுக் குழாயோடு நின்றுவிடாமல் தோட்டக் கிணறுகளுக்கும் எட்டும்படி ஊராட்சியார் ஏற்பாடு செய்யலாம். மழைக்கு முன் ஒரு முறையும் குளம் நிரம்பிய பின் ஒரு முறையுமாக ஆண்டில் இருமுறை சோதித்து, கிணற்றின் சர்வே எண், தேதி, முடிவு, செய்த பரிகாரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்துவந்தால், எந்தக் கிணறு ஆண்டுக்காண்டு கெட்டு வருகிறதென்பது விளங்கும். கெட்ட நைட்ரேட் கிணற்றை மூடிவிடத் தேவையில்லை. “பாசனத்துக்கு மட்டும்” என்று எழுதிவைத்து, குடிநீரை வேறிடத்திலிருந்து கொணர்தல் போதும். வேலைக்கு வரும் ஆள் எந்த நீரைக் குடிக்கிறான் என்பதை நிலச்சொந்தக்காரர் அறிந்திருத்தல் அவசியம். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே முதற் சோதனையைச் செய்து முடிப்பது நலம்.