தடுப்பூசிக்குப் பின் மருந்து

தடுப்பூசி போட்ட அன்று மாலை குழந்தையின் உடல் சுடுமாயின், பெற்றோர் உடனே மருந்தைத் தேடுதல் இயல்பே. ஆயின், எம்மருந்தை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்னும் தெளிவு இன்றேல், நலம் நாடிச் செய்வதே தீங்காய் முடிதல் கூடும்.

முதற்கண், இக்காய்ச்சலின் இயல்பை அறிதல் வேண்டும். தடுப்பூசியினால் உடல் நோய்க்கிருமியை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருள்களை ஆக்கப் பழகுகிறது. அப்போது எழும் சூடும், ஊசியிட்ட இடத்து வலியும் பெரும்பாலும் ஓரிரு நாளில் தாமே தணியும். ஆகவே மருந்து, வெப்பமானி காட்டும் எண்ணைக் குறைப்பதற்கன்று. குழந்தையின் துன்பத்தைத் தணிப்பதற்கே.

காய்ச்சல் வருமுன்னரே மருந்து கொடுத்தல் நன்றா? செக் குடியரசில் 459 குழந்தைகளிடம் நடைபெற்று, 2009இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. முன்கூட்டியே பாராசிட்டமோல் பெற்ற குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது. அதனுடன், சில தடுப்பூசிகளால் உண்டாகும் எதிர்ப்பொருளின் அளவும் குறைந்தது. எனவே, மருத்துவர் பணித்தாலன்றி முன்கூட்டிக் கொடாமையே முறை.

பனடோல் முதலிய பெயர்களால் விற்கப்படும் பாராசிட்டமோலே இங்குப் பெரிதும் வழங்கும் மருந்து. நலமுள்ள பெரியவர்கள் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ உட்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரமேனும் கழிய வேண்டும். 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேற்படலாகாது. குழந்தைக்கு எடையே அளவுகோல்: ஒரு கிலோ எடைக்கு, வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 3 மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடமே செல்லல் வேண்டும்.

ஈண்டுப் பலர் கவனியாதது ஒன்றுண்டு. 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் கொண்ட பாகும் உண்டு. 250 மில்லிகிராம் கொண்ட பாகும் உண்டு. கரண்டி ஒன்றே, மருந்தோ இரு மடங்கு! சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமோல் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பின் அளவு மிகும். மிகுந்தால் கல்லீரல் கெடும். ஆதலின் சீட்டைப் படித்த பின்னரே புட்டியைத் திறத்தல் வேண்டும்.

16 வயதுக்குட்பட்டோர்க்கு, மருத்துவர் பணித்தாலன்றி, ஆஸ்பிரின் ஆகாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு அது ஏதுவாகக் கூடும். சின்னம்மைத் தடுப்பூசிக்குப் பின் 6 வாரங்கள் ஆஸ்பிரினைத் தவிர்க்குமாறு சொல்வதும் இதுபற்றியே.

இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளைத் தாமாக நிறுத்துதல் தவறு. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் அதனை ஊசியிடும் முன்னரே தெரிவித்தல் நலம்.

இறுதியாக, எல்லாக் காய்ச்சலும் ஊசியால் வந்ததாகா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டிங்கி வழங்கும் நோய். காய்ச்சல் இரண்டு நாளைக் கடந்தும் நீடித்தால் மருத்துவரை நாடுக. டிங்கியாயின், ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக் கசிவை மிகுவிக்கும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ சிறிதும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.