பாடியவருக்கு என்ன பங்கு?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் போன்றவை முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். அங்கு நாற்று நட்டவர்கள் பெண்கள். இன்று அந்த வயல்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அந்த நிலத்தின் விலை நம் அனைவருக்கும் தெரியும். நிலத்தோடு மறைந்துகொண்டிருக்கும் நடவுப் பாட்டின் மதிப்பை எவரும் கேட்பதில்லை. கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், இதைப் பொருளியல் கேள்வியாகவே கருதுகிறேன்.

நடவுப் பாட்டு, வரிசையாகப் பின்னோக்கி நகரும் பெண்களின் கைகளை ஒரே வேகத்தில் இயங்க வைக்கிறது. குனிந்த முதுகின் வலியை மறக்கச் செய்கிறது. தாலாட்டு, தாய்மாமன் முதலான உறவுகளைக் குழந்தையின் காதில் ஏற்றுகிறது. ஒப்பாரியோ, நேரில் சொல்ல முடியாத குறைகளையும் மனத்தாங்கல்களையும் ஊர் முன் சொல்லப் பெண்ணுக்குக் கிடைத்த இடம். ஏட்டில் எழுதப்படாமல் தாயிடமிருந்து மகளுக்கு வந்த அறிவுச் செல்வம் இது.

இப்பாடல்கள் கூலி குறைந்த வேலையின்போதும் கூலியே இல்லாத வேலையின்போதும் பிறந்தவை. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இந்த உழைப்பு தேசிய வருமானக் கணக்கில் சேர்வதில்லை. உழைப்பே கணக்கில் வராதபோது, அதனுடன் பிறந்த பாட்டு எப்படி வரும்?

தொகுப்பு முயற்சிகளுக்குக் குறைவில்லை. சார்லஸ் கோவர் 1871-இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' 1958-இல் வெளிவந்தது. நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-இல் வந்தது. இவர்களின் உழைப்பு இல்லையேல் பல பாடல்கள் அழிந்தே போயிருக்கும். ஆயினும், இந்த நால்வருமே ஆண்கள் என்பதும், நூலின் முகப்பில் தொகுத்தவர் பெயரே நிற்கும் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளரே. அவ்வுரிமை 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடுபவருக்கான நிகழ்த்துநர் உரிமை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. வணிகப் பயன்பாட்டில் அவருக்கு உரிமைத்தொகை உண்டு என்பதை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. ஆனால், அப்படி ஓர் உரிமை இருப்பதே வயலில் பாடிய பாட்டிக்குத் தெரியாது. முரண்பாடு ஒன்றும் உண்டு. உழவரின் நெல் ரகத்தைப் பதிவுசெய்ய 2001-ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. மூலிகை அறிவின் பயனைப் பகிர 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இடம் தருகிறது. அந்த நெல்லை நட்டபோது பாடிய பாட்டுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

மரபறிவுக்கு மதிப்பு அளிக்க இயலும் என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பை அறிந்த அறிவை நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சு எடுக்கும் தொழிலாக மாற்றியது. செங்கல்பட்டு அருகே தண்டரையில் 1986-இல் உருவான இருளர் பெண்கள் நலச் சங்கம், மூலிகை அறிவைப் பெண்களின் வருவாயாக்கியது. அறிவை உடையவர்களே அமைப்பின் உறுப்பினர்கள் ஆனதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களிடையே, உலோக நாக்குகளை விரலால் மீட்டும் 'எம்பிரா' என்ற கருவி முன்னோர் வழிபாட்டுடன் இணைந்தது. பால் பெர்லினர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு நூல் அதை உலகப் பல்கலைக்கழகங்களுக்கு அறிமுகப்படுத்தியது. பெண்கள் அதைக் கற்பது அரிதாயிருந்த 1960-களில் ஸ்டெல்லா சிவேஷே முயன்று கற்றுப் பின்னர் உலக மேடைகளில் வாசித்தார். யுனெஸ்கோ 2020-இல் அந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே பெண்ணின் கைக்கு எளிதில் எட்டாதது கருவி. இங்கே பெண்ணின் வாயிலேயே பிறந்தும் அவள் பெயர் ஒட்டாதது பாட்டு.

தாம்பரம் வட்டாரத்தில் கல்லூரிகள் பல உள்ளன. நாட்டார் வழக்காறுகளை ஆவணப்படுத்தும் தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையம் வேளச்சேரியிலேயே அமைந்தது. நடவு நட்ட கைகள் முதுமையில் தளர்வதற்குள், மாணவர்களை அப்பெண்களிடம் அனுப்ப இயலும். அதற்கு நான்கு நெறிகள் போதும்: பாடியவர் பெயரும் ஊரும் அவர் விரும்பினால் பதிவில் இடம்பெற வேண்டும்; எதற்காகப் பதிகிறோம் என்று அவர் மொழியில் சொல்லி இசைவு பெற வேண்டும்; பதிவின் ஒரு படி அவர் குடும்பத்துக்குச் சேர வேண்டும்; செலவிட்ட நேரத்துக்கு நாட்கூலிக்குக் குறையாத தொகை தர வேண்டும்.

ஆய்வு நல்கையில் பயணத்துக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்குகிறோம். பாடுபவருக்கு ஒதுக்குவதைத் தருமமாக எண்ண வேண்டியதில்லை. அது உற்பத்தியாளருக்குரிய பங்கு. வயல் மனையானபோது நிலம் வைத்திருந்தவர் ஒரு விலையாவது பெற்றார். அதே வயலில் பாடியவளுக்கு அவள் பெயரையாவது திருப்பித் தருவோம்.