பத்தியத்தின் பாரம்

காய்ச்சலாய்க் கிடந்தவர் பத்து நாளில் எழுந்து தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டால் அந்த விஷயம் அதோடு தீர்ந்துபோகிறது; சர்க்கரை வியாதி என்று நாம் சொல்லும் நீரிழிவோ, வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் பரியந்தம் கூடவே இருப்பது. இன்சுலின் அறியப்படாத காலத்தில் பால்யத்திலேயே இந்நோய் கண்டவர்கள் கடும் பட்டினிப் பத்தியத்தில் சிறிது காலம் வாடி மாண்டார்கள். 1921-இல் கனடா தேசத்து டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் அம்மருந்தைக் கண்டெடுத்து, மறு வருஷம் ஜனவரியில் 14 வயதுப் பாலகன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்ட பிறகு, மரண தண்டனையாக இருந்தது வாழ்நாள் பராமரிப்பாக மாறிற்று. மகத்தான பாக்கியம்தான், ஆனால் அந்தப் பராமரிப்பை அன்றாடம் செய்கிறவர் வைத்தியரல்லர், நோயாளியே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

விரல் நுனியைக் குத்தி ரத்தம் பார்ப்பது, வேளை தவறாமல் மாத்திரை போடுவது, இலையில் விழும் ஒவ்வொரு பண்டத்தையும் கணக்கிடுவது, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி எங்கே மயங்கி விழுவோமோ என்று அஞ்சுவது ஆகிய இவற்றுக்குத் தீபாவளியன்றுகூட விடுமுறை கிடையாது. இதிலே பிறக்கும் சலிப்பை மனநோயென்று சொல்லலாகாது. 1995-இல் அமெரிக்காவில் போலன்ஸ்கி என்ற உளவியலாரும் அவருடைய சகாக்களும் இதை அளப்பதற்கென்றே 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். நோயைச் சுமப்பதனால் வரும் இந்தச் சலிப்பும் நோயின் ஓர் அங்கமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

சஞ்சலம் மனத்தோடு நிற்பதுமில்லை. வியாகூலமுற்ற வேளையில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் பெருக, ஆபத்துக்கு உதவட்டுமென்று ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இறக்கிவிடுகிறது. ஆகவே, பாயசத்தைக் கண்ணாலும் பாராதவருக்கு, மகளின் கல்யாணக் கவலையில் தூக்கமிழந்த வாரத்தில் சர்க்கரை ஏறியிருப்பதில் வியப்பில்லை. ஏறக்குறைய 120 நாள் வாழும் சிவப்பணுக்களைக் கொண்டு கணிக்கப்படும் "மூணு மாச சராசரி" எட்டைத் தாண்டியிருந்தால், "என்னத்தைத் தின்னீங்க?" என்று வீட்டார் கேட்கிறார்கள், அந்த எண்ணில் கலந்துள்ள கவலையைப் பற்றிக் கேட்பாரில்லை. கேள்விக்கு அஞ்சிப் பரிசோதனைக்கே போகாமல் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. உண்மையான அபாயம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

வைத்தியரிடம் போகும்போது சீட்டை நீட்டுவதோடு நில்லாமல், எந்த நியமம் தாங்கமுடியாததாயிருக்கிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றியமைக்க அவரால் பெரும்பாலும் இயலும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் புகாமல், இரவுச் சாப்பாட்டுக்குப்பின் சற்று நடப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அது பழகியபின் அடுத்ததற்குப் போகலாம். வீட்டாரோ, பந்தியில் நாலு பேர் முன்னால் "உங்களுக்கு சுகர், தொடாதீங்க" என்று தடுப்பதை விட்டு, தாமும் அவரோடு நடக்கப் புறப்பட்டால் அதுவே பெரிய சிகிச்சை.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்ந்தென்ன என்ற எண்ணம் தலைகாட்டுமாயின் அது சலிப்பைக் கடந்த மனச்சோர்வு. அதற்குத் தனியே மருந்தும் ஆலோசனையும் உண்டு. மத்திய சர்க்காரின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.