மலைச்சாலைச் சரக்குப் போக்குவரத்தும் லாரியின் திரவக் கிளட்ச்சும்

தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து கேரளத்திற்குச் செல்லும் சாலைகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. பாலக்காட்டுக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை விலகி நிற்பதால், கோவையிலிருந்து வாளையாறு வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 பெரும் ஏற்றமின்றியே அம்மாநிலத்தினுள் நுழைகிறது. இடுக்கி எல்லையில் நிலைமை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. அரிசியும் காய்கறியும் இவ்வழியே மேலே செல்கின்றன. ஏலக்காயும் தேயிலையும் மிளகும் கீழே இறங்குகின்றன.

இவ்விரு சாலைகளும் லாரியின் ஒரே உறுப்பை இருவேறு விதங்களில் சோதிக்கின்றன. அவ்வுறுப்பே கிளட்ச். சரக்கு, சேவை வரி 2017 ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்படும் வரையில், வாளையாற்றில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்திருந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. ஒவ்வொரு நகர்வுக்கும் ஓட்டுநர் கிளட்ச்சை மிதித்து விட வேண்டியிருந்தது. மலைச்சாலையிலோ வளைவுக்கு வளைவு கியர் மாற்றியாக வேண்டும்.

உறுப்புகளின் கூட்டுப்பணி

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சுழற்சியைக் கியர் பெட்டியிலிருந்து பிரிப்பதும், மீண்டும் சிறுகச் சிறுக இணைப்பதும் கிளட்ச்சின் பணியாகும். என்ஜினுடன் சுழலும் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரத்திற்கும், வலிய வில்களால் உந்தப்படும் அழுத்தத் தகட்டிற்கும் இடையே கிளட்ச் தகடு இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. உராய்வினால் அத்தகடு ஃபிளைவீலுடன் சேர்ந்து சுழன்று, கியர் பெட்டியின் தண்டைச் சுழற்றுகிறது. வில்களின் விசையை வென்று அழுத்தத் தகட்டைச் சற்றே விலக்கினால் இணைப்பு அறுபடும்.

கனரக லாரியின் வில்கள் மிக வலிமையானவை. மனிதக் காலின் விசை மட்டும் அவற்றை வெல்லப் போதாது. மேலும், ஓட்டுநரின் மிதி அமைந்திருக்கும் அறையும் என்ஜினும் தனித்தனியே அதிர்வதால், இரும்புக் கோல்களால் இரண்டையும் இணைப்பது எளிதன்று. குழாயில் அடைபட்ட திரவம் இவ்விரு இடர்ப்பாடுகளையும் நீக்குகிறது. அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியே இதற்கு அடிப்படை.

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் திரவத்தைக் குழாய் வழியே தள்ளுகிறது. கியர் பெட்டியின் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் அதனால் வெளியே நகர்ந்து ஒரு கவையைத் தள்ளுகிறது. கவை, ரிலீஸ் பேரிங்கை முன்னே செலுத்த, அது வில்களை அழுத்தித் தகட்டை விடுவிக்கிறது.

ஓர் எளிய கணக்கு

எடுத்துக்காட்டாக, ஓட்டுநர் 15 கிலோ விசையுடன் மிதியை 12 சென்டிமீட்டர் அழுத்துவதாகக் கொள்வோம். மிதியின் நெம்புகோல் அமைப்பு அவ்விசையை ஆறு மடங்காக்கி 90 கிலோவாகத் தரும். பிஸ்டன் நகரும் தூரமோ 2 சென்டிமீட்டராகக் குறையும். மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டரும் ஸ்லேவ் சிலிண்டரின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டரும் ஆனால், விசை 180 கிலோவாக உயரும். தூரம் 1 சென்டிமீட்டராகும். கவை இதனையும் இரட்டித்தால், பேரிங்கில் 360 கிலோ விசை கிடைக்கும். அது நகர்வது அரை சென்டிமீட்டரே. கனரக லாரிகள் பலவற்றில் அழுத்தப்பட்ட காற்றும் இதற்குத் துணை செய்கிறது.

ஆக, விசையில் பெறும் ஆதாயத்திற்கு ஈடாகத் தூரம் செலவிடப்படுகிறது. இக்கணக்கில் ஒரு முறை மிதிக்கும்போது நகரும் திரவம் 6 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே மிகுதி. அதில் 2 கன சென்டிமீட்டர் கசிந்தாலும், அந்த அளவு காற்று குழாயினுள் புகுந்தாலும், பேரிங்கின் நகர்வில் மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படும். திரவம் அழுத்தத்திற்குச் சுருங்குவதில்லை. காற்றோ சுருங்கி, ஓட்டுநரின் உழைப்பைத் தானே விழுங்கிவிடும். அந்நிலையில் தகடு முழுமையாக விடுபடாது.

சமவெளியில் இது ஒரு தொல்லை, மலையிறக்கத்தில் பேரிடர். கனத்த சுமையுடன் இறங்கும் லாரியை என்ஜினே பெருமளவு தடுத்து நிறுத்த வேண்டும். அதற்குத் தாழ்ந்த கியர் தேவை. கிளட்ச் சரியாக விடுபடாவிட்டால், பழைய கியரிலிருந்து எடுத்த பின் புதிய கியர் விழாமல் போகலாம். அப்போது வண்டி எந்தக் கியரிலும் இராது. முழுச் சுமையையும் பிரேக்குகளே தாங்க நேரும். இடைவிடாமல் அழுத்தப்படும் பிரேக்குகள் சூடேறித் தம் பிடிப்பை இழக்கும்.

பராமரிப்பின் பொருளாதாரம்

கிளட்ச்சில் பெரும்பாலும் பயன்படுவது பிரேக் திரவமே. இது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. தென்மேற்குப் பருவமழைக் காலத்து ஈரக்காற்று நிலவும் மலைப்பகுதிகளில் இது கருதத்தக்கது. ஈரம் சேர்ந்த திரவம் சிலிண்டரை அரிக்கிறது, கொதிநிலையும் தாழ்கிறது. டாட் 3 வகைத் திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் 140 டிகிரி. அவசரத்திற்கு என்ஜின் ஆயிலை ஊற்றுவதும் தீங்கானது. ரப்பர் கப்புகள் அதில் ஊறிப் பருத்துக் கெடும்.

திரவத்தின் மட்டத்தை அன்றாடம் பார்ப்பது, இணைப்புகளில் கசிவு உண்டா எனக் கவனிப்பது, உற்பத்தியாளர் குறித்த காலத்தில் திரவத்தை மாற்றிக் காற்றை வெளியேற்றுவது, ஏற்றத்தில் அரைக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்திவைக்காமல் கைப்பிரேக்கைப் பயன்படுத்துவது ஆகியவை பெருஞ்செலவு கேளாத பணிகள். மலையடிவாரத்தில் இவற்றுக்கெனச் செலவிடும் கால் மணி நேரம், வழியில் நின்றுவிடும் லாரியால் பல வண்டிகள் இழக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. வாடகையைக் கணக்கிடும் உரிமையாளரும், தகுதிச் சான்று வழங்கும் அலுவலரும், தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் மாணவரும் இக்கணக்கை அறிந்திருத்தல் நலம். சாலையை அகலமாக்கப் பெருந்தொகை முதலீடு செய்யப்படுகிறது. அம்முதலீடு முழுப்பயன் தருவதற்கு, அச்சாலையில் ஏறும் ஒவ்வொரு லாரியிலும் அந்த ஒரு தேக்கரண்டித் திரவம் குறைவின்றி இருத்தல் வேண்டும்.