கணிப்பொறியின் நினைவகக் காப்பும் பிழை தேடும் முறையும்

ஒரே கணிப்பொறியின் நினைவகத்தில் பல வேலைகள் ஒருங்கே தங்குமாயின், ஒன்றன் பிழை மற்றொன்றைக் கெடுக்காவண்ணம் காத்தல் இன்றியமையாதது. சம்பளக் கணக்கிற்கான ஆணைத்தொடர், அடுத்துள்ள பொறியியல் கணக்கின் எண்களை அழித்துவிட்டால், தவறான விடையும் சரியானதுபோல் வெளிவரும்.

1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 பொறிகளில் இதற்கென வகுக்கப்பட்ட முறை எளியது. நினைவகம் 2,048 பைட்டுகள் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் 4 பிட்டுகளாலான பூட்டு எண் அளிக்கப்பட்டது. ஆணைத்தொடருக்கும் அவ்வாறே ஒரு சாவி எண் உண்டு. இரண்டும் ஒவ்வாத இடத்தில் எழுத முற்பட்டால், பொறி அதனைத் தடுத்து, மேற்பார்வைத் தொடரிடம் ஆட்சியை ஒப்படைக்கும். மேற்பார்வைத் தொடரின் சாவி எண் 0. அது எல்லாப் பூட்டுகளுக்கும் பொருந்தும். இவ்வாறு நின்ற வேலைக்கு 0சி4 என்னும் குறி அச்சிடப்படும்.

அசெம்ப்ளர் மொழியில் எழுதுவோர் இப்பிழையை எவ்வாறு தேடுவது? நினைவக அச்சுப்படியில், நின்ற ஆணைக்கு அடுத்த ஆணையின் முகவரி காணப்படும். அது பதினாறடிமான எண்ணில் 005246 எனவும், நின்ற ஆணையின் நீளம் 4 பைட்டுகள் எனவும் கொள்வோம். எனவே நின்ற ஆணை 005242-இல் உள்ளது. ஆணைத்தொடர் 005000-இல் தொடங்கியிருப்பின், மூலப்பட்டியலில் 242-ஆம் இடத்தைக் காணவேண்டும். அவ்வாணை எந்தப் பதிவகத்தின் துணைகொண்டு முகவரியை அமைத்தது, அப்பதிவகத்தில் அப்போது இருந்த எண் யாது என்பவற்றை அடுத்து ஆராய்க.

ஆயினும், நின்ற இடமே பிழை பிறந்த இடம் எனக் கொள்ளலாகாது. 100 எண்கள் கொண்ட பட்டியலை நிரப்பும் சுழற்சி, எண்ணிக்கைத் தவறால் 100-ஐத் தாண்டி ஓடுவதாகக் கொள்வோம். அது முதலில் தன் சொந்தப் பகுதியிலுள்ள எண்களையே அழிக்கும். அங்கே பூட்டும் சாவியும் ஒத்திருப்பதால் எத்தடையும் எழாது. வேறு பூட்டெண் கொண்ட பகுதியின் எல்லையை எட்டும்போதே பொறி நிறுத்தும். ஆகவே, பதிவகத்தில் அவ்வெண்ணை இட்ட ஆணைவரை பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இன்றைய இசட் வகைப் பெரும்பொறிகளில் பகுதியின் அளவு 4,096 பைட்டுகள். அடிப்படைக் கொள்கை மாறவில்லை. இக்காப்பு அயலாரின் எண்களைக் காக்கும். நம் எண்களை நம் பிழையினின்று காவாது. 0சி4 தோன்றவில்லை என்பதனால் மட்டும் விடை சரியென்று கொள்ளுதல் தகாது.